நானோ எடிட்டரை வைத்தே அன்றாட வேலை எல்லாவற்றையும் ஓட்ட முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரத்தில் அப்பாவின் அரிசி மண்டியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தம்பி, 2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டிருக்கிறார். பிரவுசரைத் திறந்தாலே மூச்சு வாங்குகிற மெஷின். மண்டிக் கணக்கு, தமிழில் கடிதமும் குறிப்பும், அப்புறம் மண்டியின் வெப்சைட்டுக்காக வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வர், இந்த மூன்றையும் டெர்மினலில், அதாவது கட்டளையை எழுத்தாக அடித்து வேலை வாங்கும் திரையில், நானோ என்ற எளிய எழுத்து எடிட்டரை வைத்தே முடித்துவிடலாமா, இல்லை எல்லோரும் சொல்கிற மாதிரி விம் என்ற இன்னொரு எடிட்டரைக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா, போனிலும் இது வருமா என்று கேட்கிறார்.

முடியும் தம்பி. விம் கட்டாயம் இல்லை. ஆனால் நானோவுக்கு இரண்டு மூன்று பலவீனங்கள் உண்டு, அவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு இறங்கினால் கையைச் சுடாது. நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கடைகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் சர்வர் பார்த்துக் கொடுப்பவன், நாள் முழுக்க டெர்மினல்தான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் ஏன் இத்தனை பேர் விம், விம் என்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். யூனிக்ஸின் முதல் எடிட்டர் 'எட்', கென் தாம்ப்சன் 1969-இல் பெல் லேப்ஸில் எழுதியது. அப்போது திரை என்பதே கிடையாது, காகிதச் சுருளில் அடித்துத் தள்ளும் டெலிடைப்தான். அதனால் அது ஒன்றையும் காட்டாது, தப்பாக எதையாவது அடித்தால் ஒரே ஒரு கேள்விக்குறி போடும், அவ்வளவுதான். 1976-இல் பெர்க்லியில் பில் ஜாய் 'விஐ' எழுதினார், மெதுவான மோடம் வழியாகப் பெரிய கம்ப்யூட்டரோடு பேச வேண்டியிருந்த காலம் அது, ஒவ்வொரு எழுத்தும் திரைக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். அவர் முன்னால் இருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறி விசைகள் தனியாக இல்லை, எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்பு வரைந்திருந்தது. விம்மில் இன்றைக்கும் ஜே-யை அழுத்தினால் கீழே போவதற்கு அதுதான் காரணம். அதைப் பெரிதாக வளர்த்து பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்டதுதான் விம். அருமையான சாதனம், நான் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க நிரல் எழுதுபவருக்கு அது கையோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் வேலை நிரல் எழுதுவது இல்லையே.

நானோவின் கதை வேறு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 'பைன்' என்று ஒரு மெயில் நிரல் இருந்தது, அதில் கடிதம் எழுதுவதற்காகக் கூடவே வந்த குட்டி எடிட்டர் 'பிக்கோ'. கடிதம் எழுதுகிற சாதாரண ஆட்களுக்காகச் செய்தது என்பதால்தான் திரையின் கீழே இரண்டு வரியில் எந்த விசை என்ன செய்யும் என்று எழுதிக் காட்டும். பிக்கோவின் லைசென்ஸ் கட்டற்ற மென்பொருளுக்கு ஒத்துவராததால் கிறிஸ் அலெக்ரெட்டா என்பவர் 1999-இல் அதே சாயலில் புதிதாக ஒன்றை எழுதினார், அதுதான் நானோ. 2001-இல் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆக, உங்களைப் போல கணக்கும் கடிதமும் எழுதுகிறவர்களுக்கென்றே பிறந்த சாதனத்தை வைத்துக்கொண்டுதான் நீங்கள் இது போதுமா என்று கேட்கிறீர்கள். ராம் கவலையும் வேண்டாம், ஓடும்போது சில எம்பிக்குள் அடங்கிவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதுகிற எவரும் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது. தமிழ் விசைப்பலகை.

விம் இரண்டு நிலையில் வேலை செய்யும். ஒரு நிலையில் விசைகள் எழுத்தைப் போடும், இன்னொரு நிலையில் அதே விசைகள் கட்டளையாகிவிடும். ஒரு வரியை அழிக்க டி-யை இரண்டு முறை அடிக்க வேண்டும். நீங்கள் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், எஸ்கேப் அடித்துக் கட்டளை நிலைக்கு வருகிறீர்கள், டி டி அடிக்கிறீர்கள். தமிழ்99-இல் டி விசையில் இருப்பது உ. விம்முக்குப் போய்ச் சேர்வது 'உஉ'. அதற்கு ஒன்றும் புரியாது. சரி, சேமித்துவிட்டு வெளியே போவோம் என்று முக்காற்புள்ளி போட்டு டபிள்யூ, க்யூ அடித்தால் கீழே ':ஈஆ' என்று வந்து நிற்கும், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று விம் சொல்லும். ஆக, ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் விசைப்பலகையையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, திரும்பத் தமிழுக்கு மாற்றி... ஒரு பத்தி எழுதி முடிப்பதற்குள் சவத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். விம்முக்குள்ளேயே விசைமாற்றம் வைத்துக்கொள்ள வழிகள் இருக்கின்றன, எனக்குத் தெரியும். ஆனால் அதை அமைத்துப் பழகுகிற நேரத்தில் நீங்கள் ஒரு லாரி லோடு மூடையை எண்ணி இறக்கிவிடலாம்.

நானோவில் நிலை மாற்றம் என்பதே கிடையாது. எழுத்து அடித்தால் எழுத்து, கன்ட்ரோல் சேர்த்து அடித்தால் கட்டளை. லினக்ஸில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ் நிரலில் தமிழ்99 ஓடிக்கொண்டிருந்தாலும் கன்ட்ரோல் சேர்ந்த விசைகளை அது நேரே டெர்மினலுக்கு விட்டுவிடும். கன்ட்ரோல்+கே வரியை வெட்டும், கன்ட்ரோல்+யூ ஒட்டும், கன்ட்ரோல்+டபிள்யூ தேடும், தமிழிலிருந்து வெளியே வரவே வேண்டாம். ஆல்ட்+யூ கடைசியாகச் செய்ததைத் திரும்பப் பெறும், ஆல்ட்+ஈ அதையே மறுபடி செய்யும். ஆல்ட் விசையை உங்கள் டெர்மினல் மெனுவுக்காகப் பிடுங்கிக்கொண்டால் முதலில் எஸ்கேப் ஒரு தட்டு, அப்புறம் எழுத்து, அதே பலன்தான்.

ஒரே இடத்தில்தான் தமிழ் குறுக்கே வரும். மாற்றம் செய்த கோப்பை கன்ட்ரோல்+எக்ஸ் அடித்து மூடப் போனால் சேமிக்கவா என்று கேட்கும், ஒய் அல்லது என் அடிக்க வேண்டும். தமிழ்99-இல் ஒய் விசையில் ள இருக்கிறது, என் விசையில் ல இருக்கிறது. நீங்கள் அடித்துக்கொண்டே இருப்பீர்கள், அது கேட்டுக்கொண்டே நிற்கும். அதனால் முதலில் கன்ட்ரோல்+எஸ், பிறகு கன்ட்ரோல்+எக்ஸ் என்று கையைப் பழக்குங்கள். சேமித்துவிட்ட கோப்பு என்றால் கேள்வி இல்லாமல் மூடிவிடும். மிகப் பழைய நானோவில் கன்ட்ரோல்+எஸ் வேலை செய்யாது, அங்கே கன்ட்ரோல்+ஓ அடித்து என்டர். ஏதாவது ஒரு டெர்மினலில் கன்ட்ரோல்+எஸ் அடித்துத் திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டால் பயப்படாதீர்கள், அது டெலிடைப் காலத்து வழக்கம், கன்ட்ரோல்+க்யூ அடித்தால் உயிர் வந்துவிடும்.

இப்போது மண்டிக் கணக்கு. இங்கேதான் உங்களுக்கு உண்மையான லாபம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எக்ஸெல் மாதிரி விரிதாளை நானோவுக்குள் கொண்டுவர முயலாதீர்கள். அதற்குப் பதிலாக, எச்-லெட்ஜர் என்று ஒரு நிரல் இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்பில் நீங்கள் சிட்டை எழுதுவீர்கள், அது பேரேடு போட்டுக் கொடுக்கும். உங்கள் கோப்பை அது தொடாது, படிக்க மட்டும் செய்யும். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

2025-01-13 வீரவநல்லூர் மளிகைக் கடை
    வரவேண்டியது:வீரவநல்லூர் கடை    12500
    விற்பனை:அம்பை 16

அவ்வளவுதான். முதல் வரியில் தேதியும் ஆளும். அடுத்த இரண்டு வரிகளும் கொஞ்சம் உள்தள்ளி, எந்தக் கணக்குக்குப் போனது, எந்தக் கணக்கிலிருந்து வந்தது. இரண்டாவதுக்குத் தொகை எழுதவில்லை என்றால் சமன் செய்து அதுவே போட்டுக்கொள்ளும். கணக்கின் பெயர் தமிழில் இருக்கலாம், தடையில்லை, சிஸ்டத்தின் மொழி அமைப்பு யூடிஎஃப்-8, அதாவது யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை, ஆக இருந்தால் போதும்.

இந்த மூன்று வரியில் கவனிக்க வேண்டிய இடம் இரண்டு. கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இடைவெளி விட வேண்டும், ஏனென்றால் ஒற்றை இடைவெளி பெயருக்குள்ளேயே வரலாம். 'அம்பை 16' என்பதைப் பாருங்கள். அம்பை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த நெல் ரகத்தின் பெயர், உங்கள் மண்டியில் தினமும் புழங்குவது. அம்பைக்கும் 16-க்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தால் அது பெயர். கை தவறி இரண்டு இடைவெளி விழுந்தால் 'அம்பை' என்ற கணக்கில் 16 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளும். நல்லவேளையாகக் கணக்கு சமன் ஆகாது, உடனே கத்திவிடும், போய்த் திருத்திவிடலாம்.

இரண்டாவது கத்தாது, அதுதான் ஆபத்து. தொகையை 12,500 என்று நம் வழக்கப்படி காற்புள்ளி வைத்து எழுதினால், ஐரோப்பிய வழக்கில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி என்பதால், ஒற்றைக் காற்புள்ளியை அது தசமம் என்றே எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பன்னிரண்டரை ரூபாயாகிவிடும், அந்தப் பக்கமும் பன்னிரண்டரை என்று தானே போட்டுக்கொண்டு சமன் ஆகிவிடும், ஒரு முணுமுணுப்பும் இருக்காது. காற்புள்ளி இல்லாமல் 12500 என்றே எழுதுங்கள், இல்லாவிட்டால் கோப்பின் முதல் வரியில் தசமக் குறி புள்ளிதான் என்று ஒரு முறை அறிவித்துவிடுங்கள், அதற்கான 'டெசிமல்-மார்க்' என்ற வரி அதன் கையேட்டிலேயே இருக்கிறது.

மாதக் கடைசியில் எச்-லெட்ஜரிடம் 'வரவேண்டியது' என்ற பெயரை மட்டும் கொடுத்து இருப்புக் கேட்டால், சேரன்மகாதேவிக்காரர் எவ்வளவு, முக்கூடல்காரர் எவ்வளவு, பத்தமடையில் யார் பாக்கி என்று நொடியில் வரிசையாக வந்துவிடும். வருமான அறிக்கை, ஐந்தொகை மாதிரி அறிக்கைகளுக்கு மட்டும், எது சொத்து, எது செலவு என்பதைக் கணக்குகளின் ஆங்கிலப் பெயரை வைத்து ஊகிக்கிற நிரல் இது. நீங்கள் தமிழ்ப் பெயர் வைத்தால் ஒவ்வொரு தலைக் கணக்குக்கும் வகை என்ன என்று கோப்பின் தலையில் ஒரு தடவை எழுதி வைக்க வேண்டும். ஜிஎஸ்டி தாக்கலுக்கு உங்கள் ஆடிட்டர் எக்ஸெல்தான் கேட்பார், அதற்கு எக்ஸெல் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்துக் கொடுத்துவிடலாம், அவரிடம் போய் வெறும் எழுத்துக் கோப்பின் மகிமையை விளக்க வேண்டாம்.

கோப்பு பெரிதானதும் ஒரு கடைசி வரியைப் பிடிக்கக் கீழே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டாம், ஆல்ட்டோடு சாய்கோடு அடித்தால் நேரே அடியில் நிற்கும். குறிப்பிட்ட வரிக்கே திறக்க வேண்டும் என்றால் நானோ என்று அடித்து, கூட்டல் குறியோடு வரி எண், அதன்பின் கோப்பின் பெயர். எச்-லெட்ஜர் பிழை சொல்லும்போது வரி எண்ணையும் சேர்த்தே சொல்லும் என்பதால் இது ரொம்ப உதவும்.

இன்னொன்று, நிறைய பேருக்குத் தெரியாதது. நானோவுக்குள் இருந்துகொண்டே மற்ற நிரல்களை உங்கள் எழுத்தின் மேல் ஓட்டலாம். ஆல்ட்+ஏ அடித்து, அம்புக்குறியால் சில வரிகளைத் தேர்ந்தெடுங்கள், கன்ட்ரோல்+டி அடியுங்கள், இங்கே டி என்பது ஆங்கில வரிசையில் எஸ்-க்கு அடுத்தது. ஒரு கட்டளை கேட்கும், அங்கே நேர்கோட்டுக் குழாய்க்குறி போட்டு 'சார்ட்' என்று அடித்தால் தேர்ந்தெடுத்த வரிகள் மட்டும் அகரவரிசையாகிவிடும். ஆனால் அந்த அகரவரிசை நம் நெடுங்கணக்கு ஆக இருக்கும் என்று நம்ப வேண்டாம். சிஸ்டத்தில் தமிழ் வரிசை அமைப்பு இல்லையென்றால் யூனிகோட் எண் வரிசையில்தான் அடுக்கும், அதில் ன என்பது ந-வுக்கு அடுத்து வந்து உட்கார்ந்திருக்கும், ஜ ச-வுக்கு அடுத்து. வாடிக்கையாளர் பட்டியலில் இது பரவாயில்லை. சங்க உறுப்பினர் பட்டியலை நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பதாக இருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஊரில் பெயர் வரிசைக்காகவே சண்டை வரும்.

கடிதத்துக்கு வருவோம், இங்கேதான் பலவீனம். டெர்மினல் திரை என்பது கட்டம் கட்டமானது, ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் செய்தது. 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து, பைட்டில் கணக்குப் போட்டால் 15. எந்தக் குறிக்குத் தனிக் கட்டம், எது முந்தின கட்டத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதில் டெர்மினலும் எடிட்டரும் ஒத்துப்போகாவிட்டால், கர்சர் ஒரு இடத்தில் மின்னும், எழுத்து வேறு இடத்தில் விழும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் தொங்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை, காட்சிதான் கோணல். அதே கோப்பை வேறு எடிட்டரில் திறந்தால் ஒழுங்காக இருக்கும்.

டெர்மினலை மாற்றினாலே பாதி சரியாகிவிடும். எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் இந்திய மொழிகளுக்கு ஆதரவு வைத்துச் செய்தது, எடையும் குறைவு, உங்கள் 2 ஜிபி மெஷினுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கேடிஇ-யின் கான்சோலும் பரவாயில்லை. லோகித் தமிழ் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துரு நிறுவியிருக்க வேண்டும். கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அடித்து வருகிற வெறும் கறுப்புத் திரையில் தமிழை எதிர்பார்க்கவே வேண்டாம், கட்டம்தான் வரும்.

தமிழில் தேடும்போது ஒரு வில்லங்கம். 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும், ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். பார்க்க ஒரே மாதிரிதான். வாட்ஸப்பில் யாரோ அனுப்பியதை ஒட்டினீர்கள், அதில் 'கொட்டாரம்' இரண்டாவது விதம், நீங்கள் அடித்துத் தேடுவது முதல் விதம் என்றால் நானோ 'இல்லை' என்று சாதிக்கும். கண்முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது. ஔகாரக் குறியில் இன்னும் மோசம், பாதிப் பேர் அதன் பின்பாதிக்கு ள எழுத்தையே அடித்து வைத்திருப்பார்கள். தேடிக் கிடைக்கவில்லை என்றால் ஒகரம், ஓகாரம், ஔகாரம் இல்லாத ஒரு துண்டை மட்டும் தேடுங்கள். இதைவிடப் பழைய கோப்புகள், பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்தவை, நானோவில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக அர்த்தமில்லாமல் வரும். அவை யூனிகோடே இல்லை, முதலில் மாற்றி எடுத்துத்தான் ஆக வேண்டும். தமிழக அரசு யூனிகோடை 2010-இல்தான் ஏற்றது, அதற்கு முந்திய ஆவணங்கள் பலதும் இப்படித்தான்.

என் அபிப்பிராயம்: பட்டியல், குறிப்பு, கணக்கு, சின்னக் கடிதம் வரை நானோவில் எழுதுங்கள். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு மனு எழுத வேண்டும் என்றால் வாசகத்தை நானோவில் அடித்து முடித்துவிட்டு, லிப்ரே ஆபீஸில் ஒட்டி, எழுத்துருவும் இடமும் பார்த்து அச்சடியுங்கள். அடிக்கடி செய்ய வேண்டியிருந்தால் பாண்டாக் என்ற நிரல் எழுத்துக் கோப்பை வேர்டு கோப்பாக மாற்றித் தரும். பத்துப் பக்கம் தமிழ் உரைநடை எழுதுகிறவராக இருந்தால் டெர்மினலை விட்டுவிட்டு ஒரு எளிய ஜன்னல் எடிட்டருக்குப் போங்கள், மவுஸ்பேட் மாதிரி. அதில் ஒரு குறைச்சலும் இல்லை. டெர்மினலிலேயே எல்லாவற்றையும் செய்கிறேன் என்று விரதம் இருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் அலுப்புதான்.

கரண்ட் விஷயம். உங்கள் லேப்டாப் பேட்டரி இந்நேரம் செத்திருக்கும் என்று நினைக்கிறேன், பழைய மெஷின் என்கிறீர்கள். விம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு நகல் கோப்பு வைத்துக்கொள்ளும், 200 எழுத்து அடித்ததும், அல்லது 4 நொடி சும்மா இருந்தாலும் அதில் எழுதிவிடும். கரண்ட் போய் வந்தால் மீட்டுவிடலாம். நானோ அப்படிச் செய்யாது. விம்காரர்கள் சொல்வதில் இந்த ஒன்றை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். அதனால் ஒரு பதிவு முடிந்ததும் ஒரு கன்ட்ரோல்+எஸ், யோசிக்கவே கூடாது, மூச்சு விடுவதுபோல் வர வேண்டும்.

ஆனால் தூரத்துச் சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது நெட் அறுந்தால் கதை வேறு, மலையடிவாரத்தில் மழை வந்தால் சிக்னல் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. இணைப்பு போனதை உணர்ந்தால், சாவதற்கு முன் நானோ கோப்பின் பெயரோடு புள்ளி 'சேவ்' என்று சேர்த்து ஒரு நகல் எழுதிவிட்டுத்தான் போகும். திரும்ப உள்ளே போனதும் அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் நல்லது, சர்வருக்குள் போனதும் முதல் வேலையாக, இணைப்பு போனாலும் வேலையைத் திறந்தே வைத்திருக்கும் டீமக்ஸ் என்ற நிரலை ஓட்டி அதற்குள் வேலை செய்வது. நெட் போனாலும் உள்ளே எல்லாம் அப்படியே திறந்து கிடக்கும்.

சர்வரில் இன்னும் மூன்று விஷயம். சூடோ, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் வசதி, அதன் அனுமதிகளை வைத்திருக்கும் கோப்பை மட்டும் நேரே நானோவில் திறக்காதீர்கள், 'விசூடோ' கட்டளை வழியாகத் திறங்கள். பெயரில் விஐ இருந்தாலும் டெபியன், உபுண்டுவில் அது நானோவைத்தான் திறக்கும், சேமிக்கும்போது இலக்கணப் பிழை இருந்தால் தடுத்து நிறுத்தும். பிழையோடு சேமித்துவிட்டால் சூடோவே வேலை செய்யாமல் போகலாம், பூட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே போட்ட மாதிரி. அடுத்து, நானோ ஒரு கோப்பை முழுசாக மெமரிக்குள் இழுத்துக்கொள்ளும், அதனால் நூற்றுக்கணக்கான எம்பி உள்ள லாக் கோப்பைச் சின்ன சர்வரில் அதில் திறக்காதீர்கள், 'லெஸ்' அல்லது 'டெயில்' போதும். மூன்றாவது, நானோவின் 4.0 பதிப்பு 2019-இல் வருவதற்கு முன், நீளமான வரியைத் தானாக உடைத்து இரண்டாக்குவது அதன் இயல்பாக இருந்தது. பழைய சர்வரில் அமைப்புக் கோப்பின் நீள வரியில் கை வைத்தால் அது உடைந்து சேவையே கிளம்பாது. அப்படிப்பட்ட சர்வரில் நானோவோடு கழித்தல் குறி டபிள்யூ சேர்த்துத் திறங்கள்.

உங்கள் லேப்டாப்பில் வீட்டு அடைவில் நானோஆர்சி என்ற அமைப்புக் கோப்பு ஒன்று வைத்துக்கொள்ளலாம், பெயரின் முதலில் ஒரு புள்ளி வரும். நாலைந்து வரிக்கு மேல் வேண்டாம். 'செட் லைன்நம்பர்ஸ்' வரி எண் காட்டும். 'செட் சாஃப்ட்ராப்' நீள வரியைக் கோப்பில் உடைக்காமல் திரையில் மட்டும் மடித்துக் காட்டும், அதோடு 'செட் அட்பிளாங்க்ஸ்' சேர்த்தால் சொல்லின் நடுவில் மடிக்காது. 'செட் பொசிஷன்லாக்' போட்டால் போன தடவை விட்ட இடத்திலேயே கோப்பு திறக்கும், கணக்கு எழுதுபவருக்கு இது ஒன்றே போதும். 'செட் பேக்கப்' சேமிக்கும் ஒவ்வொரு முறையும் முந்தைய பதிப்பை ஒரு அலைக்குறிப் பெயரில் வைத்திருக்கும். நானோ 8.0 அல்லது அதற்குப் பிந்தியது உங்களிடம் இருந்தால், நானோவைத் திறக்கும் கட்டளையோடு கொடுக்கும் 'மாடர்ன்பைண்டிங்ஸ்' என்ற விருப்பம் ஒன்று உண்டு, கன்ட்ரோல்+சி நகல், வி ஒட்டு, க்யூ வெளியேறு என்று உலக வழக்கத்துக்கு மாறிவிடும். நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் சர்வரில் இருப்பது பழைய விசைகள், இரண்டையும் கை குழப்பிக்கொள்ளும். அந்த விசைகள்தான் வேண்டும் என்றால் மைக்ரோ என்ற எடிட்டர் அதற்கென்றே இருக்கிறது, மவுஸும் நன்றாக வேலை செய்யும், அதைப் பாருங்கள்.

விம்மில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு கையளவுதான், அதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். சில இடங்களில் நானோ இருக்கவே இருக்காது, ரவுட்டருக்குள்ளும் ஆல்பைன் லினக்ஸிலும் பிசிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்போடு வரும் குட்டி விஐ மட்டும்தான். ஆங்கில விசைக்கு மாறிக்கொண்டு, ஐ அடித்தால் எழுதலாம், எஸ்கேப் அடித்தால் கட்டளை நிலை, முக்காற்புள்ளி டபிள்யூ க்யூ சேமித்து வெளியேற, முக்காற்புள்ளி க்யூ வியப்புக்குறி ஒன்றும் சேமிக்காமல் ஓடிவிட. கோப்பின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் நிரலில் கமிட் செய்யும்போது விம் தானாக வந்து நின்றால், கிட்டின் அமைப்பில் எடிட்டர் நானோ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அப்புறம் தொந்தரவு இல்லை.

போன் கேட்டீர்களே. ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலி போட்டால் நானோ அதில் நிறுவிக்கொள்ளலாம், எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிக் களஞ்சியத்தில் இருக்கும் டெர்மக்ஸையே எடுங்கள். வால்யூமைக் குறைக்கும் பொத்தான் அங்கே கன்ட்ரோல் விசையாக வேலை செய்யும். தமிழ் அடிக்க வேண்டுமானால், திரையின் அடியில் எஸ்கேப், டேப் என்று வரும் விசை வரிசையை இடது பக்கமாகத் தள்ளுங்கள், ஒரு எழுத்துப் பெட்டி வரும், அதில் உங்கள் வழக்கமான தமிழ் கீபோர்டில் அடித்து என்டர் போட்டால் நானோவுக்குள் போய் விழும். எழுத்துகள் சேர்ந்து அழகாகத் தெரியாது, கோப்பில் சரியாகத்தான் இருக்கும். லாரி வந்து நிற்கும்போது எத்தனை மூடை, யாருக்கு, எவ்வளவு என்று மூன்று வரி போட்டு வைக்க இது தாராளம். போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் கோப்பை ஒத்திசைக்க சிங்க்திங் என்ற நிரலை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே கோப்பை இரண்டிலும் திறந்து வைத்து எழுதாதீர்கள், போனுக்கென்று தனியாக ஒரு சிட்டைக் கோப்பு வைத்து, முதன்மைக் கோப்பில் 'இன்க்ளூட்' வரி ஒன்றால் அதைச் சேர்த்துவிடுங்கள், எச்-லெட்ஜர் இரண்டையும் ஒன்றாகவே படித்துக்கொள்ளும்.